கோடை மலையும் கொக்கோ வெண்ணெயும்

2023ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். காலைத் திருப்பலியை முடித்துவிட்டுத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தோம். சக்கிறீஸ்தின் வாயிலில் பெரியவர் ஒருவர் தயங்கி நின்றார். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்; விழாவுக்காகச் சமவெளியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். அவர் கையில், நம் பங்கின் மகளிர் குழுவினர் செய்து கோவில் வாசலில் விற்கும் சாக்லெட் பொட்டலம் ஒன்று இருந்தது.

"தோத்திரம் சாமி. தப்பா எடுத்துக்கக் கூடாது. இதுல 'தூய கொக்கோ வெண்ணெயில் செய்தது'ன்னு போட்டிருக்கு. ரெண்டு துண்டு தின்னு பார்த்தேன். அண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டுது. இது கொக்கோ வெண்ணெய் இல்லீங்க சாமி."

இதிலென்ன பெரிய காரியம் என்று முதலில் நமக்குத் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னது நம்மை அங்கேயே நாற்காலியில் அமரச் செய்தது. இருமுறை நெஞ்சுவலி கண்டு பிழைத்தவராம். வனஸ்பதியும் அதன் இனத்தைச் சேர்ந்த கொழுப்புகளும் ஆகா என்று மருத்துவர் விலக்கியிருக்கிறார். மலைக்கு வந்தால் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு துண்டு தின்ன வேண்டும் என்ற ஆசை. கடைவீதியில் எதையும் வாங்காதவர், கோவில் வாசலில் விற்கும் பொருளில் எழுதியிருப்பது பொய்யாயிராது என்று நம்பி வாங்கியிருக்கிறார்.

அந்த வாசகத்தை எழுதியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாமே என்று சொல்ல நேர்ந்திருக்கும்.

நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்ற மறு ஆண்டு, ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். காரட், பூண்டுத் தோட்டங்களிலும் விடுதிகளிலும் கூலிக்குச் சென்று வந்தவர்கள். கோடைக்கு வரும் பயணிகள் ஊர் திரும்பும்போது வாங்கிச் செல்வது சாக்லெட்டையும் யூகலிப்டஸ் தைலத்தையுமே என்பதால், சாக்லெட் செய்து விற்கத் துணிந்தனர். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டுக்கு இரண்டு வரி எழுதித் தருமாறு நம்மிடம் வந்தனர். சாக்லெட் என்பது கொக்கோ வெண்ணெயில் செய்வது என்று எங்கோ படித்த நினைவு நமக்கிருந்தது. எழுதினோம். 'தூய' என்னும் சொல்லையும் நாமே சேர்த்தோம். அது இல்லாவிடில் வாசகம் மொட்டையாகத் தெரிந்தது. மறையுரை எழுதிப் பழகிய கைக்கு அடைமொழிகள் எளிதில் வரும்! அவர்கள் எதை உருக்குகிறார்கள், எதை வார்க்கிறார்கள் என்று ஒரு சொல்லும் விசாரித்தோமில்லை.

அன்று பிற்பகலே குழுவினரின் சமையலறைக்குச் சென்றோம். மூலையில் பெருநகரத் தொழிற்சாலையொன்றிலிருந்து வந்த சாக்லெட் பாளங்கள் அடுக்கப்பட்டிருந்தன. உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம். குழுத் தலைவியின் மகள், பத்தாம் வகுப்பு மாணவி, அதை விளக்கருகே பிடித்து வாசித்தாள். சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கொக்கோப் பொடி, லெசித்தின் என்று போயிற்று அந்தப் பட்டியல். கொக்கோ வெண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை. இந்தப் பாளத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, முந்திரியும் உலர்ந்த திராட்சையும் கலந்து, அச்சில் வார்த்து, வண்ணக் காகிதம் சுற்றுவதுதான் 'வீட்டில் செய்தது' என்பதன் பொருள். நம் பெண்கள் மட்டுமல்லர். கோடைக்கானலிலும் உதகையிலும் கடைவீதிகளில் 'ஹோம் மேட்' என்று விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இவ்வாறு செய்யப்பெறுபவையே. வணிகர்கள் இதைக் 'காம்பவுண்ட்' என்பர்.

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது நம் முன்னோர் வாக்கு. கிடைக்காத பொருளுக்கு மாற்றாகக் கிடைத்ததைக் கொண்டு காலந்தள்ளுவது குற்றமன்று. ஆனால் இலுப்பைப் பூவை ஆலைச் சர்க்கரை என்று சீட்டொட்டி விற்பவனை முன்னோர் என்னவென்று சொல்லியிருப்பார்களோ, தெரியவில்லை.

எழுதிய பொருளைப் பார்க்காமலே எழுதிவிட்டோம்; இனியாவது பார்த்துவிட்டு எழுதுவோம் என்று, தை மாதத்தில் ஒருநாள் மலையிறங்கினோம். பெருமாள்மலை கடந்து, வத்தலக்குண்டுச் சாலையின் வளைவுகளெல்லாம் முடிந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அடிவாரத்துக் கிராமமொன்றில் நம் பங்கினர் ஒருவருடைய மைத்துனருக்குத் தென்னந்தோப்பு உண்டு. தென்னை நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ வைத்திருக்கிறார்.

கொக்கோ நம் கோடை மலையில் விளைகிறது என்று எண்ணும் பயணிகள் பலர். நம் பங்கிலேயே அப்படி எண்ணியவர்கள் உண்டு. நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய 20 பாகைக்குள் வளரும் மரம் அது. அவ்வகையில் பழனி மலை அதற்கு ஏற்ற இடமே. ஆனால் 7,000 அடி உயரத்துக் குளிரை அது தாங்காது. வெப்பமும் ஈரமும் நிழலும் சேர்ந்திருக்கும் தோப்புகளே அதற்குத் தாய்வீடு. ஆகவே மலை மேல் மிட்டாய், மலைக்குக் கீழே மரம். இடையே இருப்பதோ பேருந்தில் சில மணி நேரத் தொலைவுதான். எனினும் நம் குழுப் பெண்களில் ஒருவர்கூட அதுவரை கொக்கோக் காயைக் கண்டதில்லை. நாமும் கண்டதில்லை.

காய் காய்த்திருந்த விதம் நமக்கு வியப்பாயிருந்தது. கிளை நுனியில் அன்று. பலாவைப் போல அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு, வரிவரியாக, பழுத்தவை மஞ்சளாகத் தொங்கின. தோட்டக்காரர் ஒன்றை அறுத்துப் பிளந்தார். உள்ளே வெண்மையான, சீதாப்பழம் போன்ற சதை சூழ்ந்த முப்பது நாற்பது விதைகள். ஒன்றை வாயிலிட்டோம்; சதை புளிப்பும் இனிப்பும். விதையைக் கடித்தபோது முகம் சுளித்தது. "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சாமி முகத்தைச் சுழிப்பாங்க" என்று சிரித்தார் அவர். சாக்லெட்டின் மணமோ சுவையோ அதில் எள்ளளவும் இல்லை.

அந்த மணம் பிறகு பிறப்பது. விதைகளைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். குவியல் தானாகவே சூடேறி 45 பாகைக்கும் மேலே போகிறது. பின்னர் வெயிலில் காயவைத்து வறுத்தால்தான் நாமறிந்த மணம் வருகிறது. வறுத்து, தோல் நீக்கி, அரைத்தால் மாவாவதில்லை, குழம்பாகிறது. எள்ளை அரைத்தால் விழுதாவது போலத்தான். அந்தப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அக்கொழுப்பே கொக்கோ வெண்ணெய்.

வெண்ணெய் என்ற பெயர் பலரை மயக்குகிறது. இதில் பால் இல்லை, மோர் இல்லை, பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய் குளிரில் உறைந்தால் எப்படியோ அப்படி. நெதர்லாந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் கொக்கோ விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றனர். ஒருபுறம் கொழுப்பு, மறுபுறம் பிண்ணாக்கு. நாம் பாலில் கலந்து குடிக்கும் கொக்கோப் பொடி அந்தப் பிண்ணாக்கைப் பொடித்ததுதான் என்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். பிரிந்து வந்த கொழுப்பை மீண்டும் விழுதோடும் சர்க்கரையோடும் கூட்டி அச்சில் வார்த்து, 1847இல் இங்கிலாந்தின் பிரை நிறுவனத்தார் கடித்துத் தின்னும் சாக்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் அது பெரும்பாலும் குடிக்கும் பொருளாகவே இருந்தது.

குடிக்கும் பொருள் என்றதும், குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாளில் கேட்டுச் சிரித்த செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து இப்பானத்தைக் கொண்டுவந்தபின், நோன்பு நாளில் இதைக் குடிக்கலாமா என்று பெரும் வாக்குவாதம் எழுந்தது. பானம் நோன்பை முறிக்காது என்பது ஒரு சாரார் கட்சி. கொழுப்பு மிதக்கும் பானம் உணவேயன்றி வேறில்லை என்பது மறுசாரார் கட்சி. நீரில் கரைத்தால் குற்றமில்லை, பாலும் முட்டையும் சேர்த்தால் குற்றம் என்று நடுவழி கண்டவர்களும் உண்டு. 1636இல் அந்தோனியோ தெ லியோன் பினேலோ என்பவர் இதற்கென்றே தனி நூல் எழுதினார். 1660களில் கர்தினால் பிரங்காச்சோ, அது முறிக்காது என்னும் பக்கம் நின்று எழுதினார். அன்று சிரித்தோம். இன்று எண்ணிப் பார்த்தால், ஒரு பொருளில் உண்மையில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன பெயர் சொல்வது என்று அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கவலைப்பட்டார்கள். நாமோ ஒரு நிமிடமும் கவலைப்படாமல் 'தூய' என்று எழுதிவிட்டோம்.

இம்மரம் நம் தமிழகத்துக்கு மிகப் பழைய விருந்தாளி என்பதை நம்மில் பலர் அறியோம். தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளில் தோன்றிய மரத்தின் எட்டுக் கன்றுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போய்னாத் தீவிலிருந்து தருவித்து, 1798இல் குற்றாலத்தில் நட்டனர் என்பது வரலாறு. ஆனால் அது பெரும் பயிராகவில்லை. 1960களில் காட்பரி நிறுவனம் வயநாட்டில் மாதிரித் தோட்டம் அமைத்துக் கன்றுகள் வழங்கியபின்தான் கேரளத்திலும் கருநாடகத்திலும் பரவியது. 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்தது. வாங்க ஆளின்றிப் பலர் மரங்களை வெட்டி எறிந்தனர். புத்தூரில் காம்ப்கோ கூட்டுறவுச் சங்கத்தின் சாக்லெட் தொழிற்சாலை 1986இல் எழுந்தது அந்தத் துயரத்தின் பின்னணியில்தான். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளே இப்போது இதற்குப் பேர்பெற்றவை. அங்கும் ஆரோவில்லிலும், விதையிலிருந்து தொடங்கி முழுவதும் தாமே செய்து முடிக்கும் சிறு சாக்லெட் கூடங்கள் தோன்றியுள்ளன.

இனி அந்தப் பெரியவர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டியது ஏன்?

கொக்கோ வெண்ணெயின் பெருமையெல்லாம் அது உருகும் விதத்தில் இருக்கிறது. அறையின் வெப்பத்தில் அது உடையும் அளவுக்குக் கெட்டியாய் இருக்கும். ஏறக்குறைய 34 பாகையில் சட்டென்று உருகிவிடும். நம் உடலின் வெப்பம் 37. ஆகவே வாயிலிட்டவுடன் மிச்சமின்றிக் கரைகிறது. இத்தன்மை கருதியே, உடலினுள் வைத்துக் கரையவேண்டிய மருந்துக் குளிகைகளுக்கும் இதை நெடுங்காலமாக மருத்துவர்கள் பயன்படுத்தி வந்துள்ளனர். 'காம்பவுண்ட்' பாளத்தில் இருப்பதோ பெரும்பாலும் பனை இனத்து எண்ணெய்களை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பு. சிலவற்றில் அது சற்று மேலான வெப்பத்தில் தயங்கித் தயங்கி உருகும். அதுவே அண்ணத்தில் படிவது. ஆயினும் நாவின் சோதனையை முற்றும் நம்பிவிடக் கூடாது. உறையின் பின்புறத்தை வாசிப்பதே உறுதியான சோதனை.

உடல்நலத்தைப் பொறுத்தவரை நாம் அறிந்த அளவில் சொல்வோம். நோயாளிகள் தம் மருத்துவரையே கேட்கவேண்டும். கொக்கோ வெண்ணெயும் கொழுப்பே; அதில் ஐந்தில் மூன்று பங்கு நிறைவுற்ற கொழுப்பு. எனினும் அதன் மூன்றிலொரு பங்கு ஸ்டியரிக் அமிலம். அது இரத்தத்தின் கொலஸ்டிராலை ஏனைய நிறைவுற்ற கொழுப்புகளைப் போல உயர்த்துவதில்லை என்பது கண்டறியப்பட்டது. பனைப்பருப்பு எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் நான்கு பங்கு. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றினால் 'டிரான்ஸ்' கொழுப்பும் உண்டாகும். நெஞ்சுக்குப் பகை அதுவே. உணவில் டிரான்ஸ் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி உள்ளது. ஆகவே 'காம்பவுண்ட்' நஞ்சு என்று அலறவேண்டியதில்லை. கொக்கோ வெண்ணெய் மருந்து என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. இரண்டும் ஒரு துண்டோடு நிறுத்தவேண்டிய பண்டங்களே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சாக்லெட் என்ற பெயருக்கு உரிய பொருளில், கொக்கோ வெண்ணெய் தவிர்த்த தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சேர்த்தால் அதைச் சீட்டில் சொல்லவும் வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஐரோப்பிய நாடுகள் 2000ஆம் ஆண்டில் வகுத்த சட்டத்தில், சாக்லெட்டில் அந்த 5 விழுக்காட்டுக்குள் சேர்க்கத்தக்க ஆறு கொழுப்புகளைப் பெயர் சொல்லிக் குறித்துள்ளனர். மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும் சால மரத்தின் கொழுப்பும் அவற்றுள் அடங்கும். முதலில் நிற்பது 'இல்லிப்பி'. அது நம் இலுப்பை என்ற சொல்தான்! போர்னியோத் தீவின் வேறொரு மரத்துக் கொட்டைக்கு வணிகர்கள் நம் இலுப்பையின் பெயரைச் சூட்டிவிட்டனர். பெயர் மாறாட்டத்தில் நம் குழுவினர் மட்டும் தனித்து நிற்கவில்லை என்று சற்று ஆறுதல் கொண்டோம்.

பெரியவருக்கு மடல் எழுதினோம். வாசகம் நம்முடையது, தவறும் நம்முடையது, பெண்களுடையதன்று என்று எழுதினோம். பின்னர் குழுவைக் கூட்டினோம்.

கூட்டம் எளிதாக நடந்தது என்று சொல்ல இயலாது.

"ஊரே இப்படித்தான் சாமி எழுதுது. நாம மட்டும் எண்ணெய் மிட்டாய்னு எழுதினா எவன் வாங்குவான்?" என்றார் ஒருவர். "நீங்கதானே சாமி எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் இன்னொருவர். அதில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாத விற்பனையில்தான் ஏழு வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அடங்கியிருந்தது. பொய்யை நீக்குவோம் என்று சொல்வது மாதந்தோறும் படி பெறும் நமக்கு எளிது. நெடுநேரம் பேசாதிருந்த தலைவி இறுதியில் கேட்டார்:

"அந்த ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலையே சாமி?"

ஆகவில்லை என்றோம். "அப்ப சீட்டைக் கிழிச்சுருவோம்" என்றார்.

புதுச் சீட்டு அச்சாயிற்று. பாளத்தின் உறையில் இருந்தவற்றை அப்படியே தமிழில் எழுதினோம். முந்திரி, பாதாம், பால்பொடி சேர்ந்தவற்றில் அதையும் தெளிவாகக் குறித்தோம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு முந்திரி ஒரு துணுக்கும் ஆபத்தாகலாம் என்பது அதுவரை நமக்குத் தோன்றவேயில்லை. கூடவே, உண்மையான கொக்கோ வெண்ணெயில் சிறு அளவில் செய்து பார்ப்பது என்றும் முடிவாயிற்று. விலையோ முன்னதைவிட மூன்று நான்கு மடங்கு. அதற்கும் நம் போதாத காலம்! கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மழை தவறியும் மரங்களில் நோய் கண்டும் விளைச்சல் குன்றியதால், அந்த 2024ஆம் ஆண்டில்தான் உலகச் சந்தையில் கொக்கோ விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போயிற்று. டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அடிவாரத்துத் தோட்டக்காரர் தொலைபேசியில் நம்மை அழைத்து மகிழ்ச்சியோடு சொன்னார். எந்த விலை அவர் வீட்டில் கூரை வேய்ந்ததோ அதே விலை நம் பெண்களின் அடுப்பை அணைத்தது. 2025இல் விலை இறங்கிற்று. அப்போது அவர் அழைக்கவில்லை.

முதல் பருவத்தில் விற்பனை பாதியானது. எழுவரில் ஒருவர் குழுவை விட்டு விலகி, விடுதியொன்றில் துப்புரவு வேலைக்குச் சென்றுவிட்டார். ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறார், நம்மைக் கண்டு புன்னகை செய்கிறார். நமக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்ப்பது கடினமாயிருக்கிறது.

இதனிடையே பெரியவரிடமிருந்து பொதி ஒன்று வந்தது. கடிதம் இல்லை, உள்ளே பஞ்சில் பொதிந்து ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் ஒன்று. கொக்கோ வெண்ணெய் ஆறு வகையாகப் படிகமாக உறையும். அவற்றுள் ஒரு வகைதான் பளபளப்பும் 'டப்'பென்று முறியும் தன்மையும் தரும். அதை வரவழைக்க, முதலில் 45 பாகையில் உருக்கி, கிளறிக்கொண்டே 27க்கு இறக்கி, மீண்டும் 31க்கு ஏற்றவேண்டும். ஒன்றிரண்டு பாகை பிசகினாலும் சாக்லெட் மேல் வெள்ளை பூக்கும். விரலால் தொட்டுப் பார்த்துச் செய்யும் வேலையன்று. 'காம்பவுண்ட்' பாளத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதன் மலிவு அதில் பாதி.

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனோம். தலைவி அதைக் கண்டதும் இரண்டு அடி பின்வாங்கினார்.

"உள்ள பாதரசம் இருக்கா சாமி?"

இருந்தது. கோடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்ததையும், பாதரசம் மண்ணில் கலந்தது வெளிப்பட்டு 2001இல் அது மூடப்பட்டதையும் வாசகர் அறிவர். தலைவியின் கணவர் இளமையில் அங்கே வேலை பார்த்தவர். "என் அடுப்புப் பக்கம் அது வேண்டாம் சாமி" என்றார். அவர் சொன்னதே சரி. உடையக்கூடிய பாதரசக் கண்ணாடிக்குச் சமையலறையில் இடமில்லை. பெரியவரின் மகள் கையில் நன்றியோடு அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பி, எண் காட்டும் எஃகு முனைத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தந்தோம்.

கொக்கோ வெண்ணெய் கட்டியாகச் சமையலறைக்கு வந்தபின் வேறு காரியங்களும் நடந்தன. மார்கழிக் குளிரில் வெடிக்கும் உதட்டுக்கும் பாதத்துக்கும் பெண்கள் அதைத் தடவிக்கொண்டனர். அதில் தீங்கில்லை, தோலின் ஈரம் போகாமல் காக்கும். முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் தடவாதிருப்பது நல்லது. ஒருநாள் ஒரு வீட்டுப் பிள்ளையின் கையில் வெந்நீர் பட்டுவிட்டது. வெண்ணெய் குளிர்ச்சி என்று பாட்டி அதன்மேல் கொக்கோ வெண்ணெயை அப்பிவிட்டார். மருந்தகத்து அருட்சகோதரி பதறிப் போனார். தீப்புண், வெந்நீர்ப் புண் எதுவாயினும் முதலில் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும். கொழுப்பு எதையும் தடவினால் சூடு உள்ளேயே நின்று புண் ஆழமாகும். பிள்ளை பிழைத்தது, தழும்பு இருக்கிறது. பெயரில் உள்ள 'வெண்ணெய்' செய்த வேலை அது.

அருட்சகோதரி இன்னொன்றையும் எழுதச் சொன்னார். கருவுற்ற தாய்மார் வயிற்றில் வரி விழாதிருக்கக் கொக்கோ வெண்ணெய்க் களிம்பு தடவவேண்டும் என்று விலையுயர்ந்த டப்பாக்களை வாங்குகிறார்களாம். லெபனானிலும் ஜமைக்காவிலும் தாய்மாரிடம் நடத்திய ஆய்வுகள் 2008லும் 2010லும் வெளியாயின. கொக்கோ வெண்ணெய் தடவியவர்களுக்கும் வேறு களிம்பு தடவியவர்களுக்கும் வரியில் வேறுபாடு இல்லை என்பதே முடிவு. தடவுவதால் கேடில்லை. அந்தப் பணத்தில் முட்டையும் கீரையும் வாங்கலாம் என்பது அருட்சகோதரியின் சொந்த அபிப்பிராயம். நமக்கும் அதுவே.

வீட்டில் நாய் வளர்ப்போர்க்கு ஒரு சொல். கறுப்புச் சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு ஆகாது. கொக்கோ வெண்ணெயில் அது மிகச் சொற்பம். நம் இல்லத்து நாய் ஒருமுறை வெள்ளைச் சாக்லெட்டைக் காகிதத்தோடு விழுங்கிவிட்டு மறுநாள் காகிதத்தால்தான் அவதிப்பட்டது.

பழைய சீட்டுகளில் நானூறு போல இன்னும் நம் மேசை அறையில் கிடக்கின்றன. பின்புறம் வெள்ளையாயிருப்பதால் திருப்பலிக் கருத்துகளைக் குறித்துக்கொள்ளப் பயன்படுகின்றன. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் 'தூய' என்ற சொல் கண்ணில் படுகிறது. குழுவினர் இப்போது இரண்டு வகையும் செய்கின்றனர். சாதாரண வகை மீண்டும் ஓரளவு விற்கிறது. சீட்டை வாசித்துவிட்டு வைத்துவிடுபவர்களும் உண்டு, வாசித்துவிட்டு வாங்குபவர்களும் உண்டு. கொக்கோ வெண்ணெய் வகை, மாதம் சில கிலோ மட்டுமே. இலாபம் என்று சொல்லும்படி அதில் இன்னும் ஏதுமில்லை.

சில வாரங்களுக்கு முன் காலைத் திருப்பலி முடிந்ததும் தலைவி சக்கிறீஸ்தின் வாயிலில் வந்து நின்றார். முந்தானைக்குள்ளிருந்து தட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன்மேல் பன்னிரண்டு துண்டுகள். பன்னிரண்டிலும் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை பூத்திருந்தது.

"ராத்திரி கரண்டு போயிருச்சு சாமி, இருட்டுல தெர்மாமீட்டர் நம்பர் சரியாத் தெரியலை. இருபத்தேழுக்கு இறங்குறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் போல. தின்னா ஒண்ணும் செய்யாதுல்ல?"

ஒன்றும் செய்யாது, பார்வைக்குத்தான் குறை என்றோம். ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டோம். கரைந்தது.

"அப்ப மறுபடி உருக்கி ஊத்திருறேன்" என்று சொல்லித் தட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.